பல் மருத்துவரின் முதல் கிளைடர்

“இதுல முன்பக்கம் எதுங்க?” என்று கேட்டார் பல் மருத்துவர். அவர் கையிலிருந்த, ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானமான மின்சாரக் கிளைடரின் வால் முன்னும், மூக்கு பின்னும், வயிறு மேலுமாக இருந்தன.

கடைக்காரர் அதைப் பணிவுடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். “இதுதான் சார் மூக்கு. முதல் தடவையா வாங்கறீங்களோ?”

“வாழ்க்கையிலேயே முதல் தடவை!” என்ற மருத்துவர், அருகில் நின்ற மனைவியை ஓரக்கண்ணால் அளந்தார். அம்மையாரின் முகத்தில் ஐயத்தின் சாயல் அணுவளவும் இல்லை.

உண்மை யாதெனில், மருத்துவரின் வீட்டுப் பரணில், ‘பழைய எக்ஸ்ரே’ என்று எழுதப்பட்ட பெட்டிகளுக்குள் ஆறு கிளைடர்கள் துயின்றுகொண்டிருந்தன. “இனிமே விளையாட்டுச் சாமான் ஒண்ணுகூட வாங்க மாட்டேன்” என்று மனைவியிடம் சத்தியம் செய்த பிறகு வாங்கப்பட்டவை அவை. அம்மையார் தம் அக்கா வீட்டிற்குச் செல்லும் ஞாயிறுகளில் மட்டுமே அவற்றுக்கு வானம் வாய்த்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து அவருக்கும் அலுத்துவிட்டது. மனைவியின் சம்மதத்தோடு ஒரே ஒரு கிளைடர் முறைப்படி வீடு புகுந்துவிட்டால், மற்றவற்றை ஆண்டுக்கு ஒன்றாகப் பரணிலிருந்து ‘வாங்கிக்கொண்டு’ வரலாம் அல்லவா? குட்டு வெளிப்பட்டாலோ, ஆறும் அன்றே பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறும். அவர் சொல்லுக்கிருந்த மதிப்பும் அதே வண்டியில் ஏறும்.

அதற்காகவே, தம்மை முன்பின் அறியாதவரைப் போல் நடிக்கும்படி கடைக்காரரிடம் அவர் வேண்டியிருந்தார். கைம்மாறாக, கடைக்காரரின் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை இலவசமாக நடந்தேறியிருந்தது.

“எது சீக்கிரம் உடையாது?” என்று கேட்டார் அம்மையார்.

“வி... விசிறி பின்னால இருக்கே, இது மேடம்.” கடைக்காரர் ஏனோ கூரையைப் பார்த்தே பதில் சொன்னார். “மூக்கு முட்டினாலும் விசிறிக்கு ஒண்ணும் ஆகாது. உடம்பு மொத்தமும் நுரை. ரெண்டா முறிஞ்சாலும் பசை போட்டு ஒட்டிடலாம்.”

“அப்போ நம்ம டாக்டரைவிடப் பரவால்ல. இவர் பிடுங்கினா பிடுங்கினதுதான்.”

மருத்துவர் தேவைக்கு மேல் சிரித்தார். கடைக்காரரின் நெற்றி வியர்த்திருந்தது. ‘ஒரு பல்லுக்கு இவ்வளவுதான் நடிப்பு வரும் போலிருக்கிறது’ என்று மருத்துவர் மனத்துக்குள் நொந்துகொண்டார்.

அச்சமயத்தில்தான் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு கடையின் நாய் பாய்ந்து வந்தது. வாரந்தோறும் தம்மை நக்கித் தீர்க்கும் அந்த நாயைக் கண்டதும் மருத்துவர் கிளைடரால் முகத்தை மறைத்துக்கொண்டார். நாயோ அவரை ஏறெடுத்தும் பாராமல் கடந்து சென்று, அம்மையாரின் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

“ச்சீ, போ! யாரு எவருன்னு பாக்காம இது என்ன பழக்கம்?” என்று அதட்டியவாறே அம்மையார் அதன் காதின் பின்புறத்தைச் சொறிந்துவிட்டார். தலை தப்பிய மகிழ்ச்சியில் மருத்துவருக்கு அந்த நாயையே தத்தெடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“பின்னால மைதானத்துல ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கோங்க சார்,” என்றார் கடைக்காரர். மூவரும் சென்றனர்.

கெட்டிக்காரத்தனமாகப் பறக்கவிடுவது எளிது. கற்றுக்குட்டியாகப் பறக்கவிடுவதன்றோ கடினம்! மருத்துவர் பாடுபட்டுக் கிளைடரைத் தள்ளாட வைத்தார், தலைகுப்புற இறக்கினார். ஆனால் தரையைத் தொடவிருந்த நொடியில் நன்றி கெட்ட விரல்கள் தாமாகவே அதை மேலே தூக்கிவிட்டன.

“அடேங்கப்பா! அதிர்ஷ்டம்னா இதுதான் சார் அதிர்ஷ்டம்!” என்று கூவினார் கடைக்காரர். மருத்துவர் தட்டுத்தடுமாறி அதை அவர் காலருகே இறக்கி வைத்தார்.

“குடுங்க, நானும் ஒரு தடவை பாக்கறேன்,” என்று ரிமோட்டுக்குக் கை நீட்டினார் அம்மையார்.

“வேணாம்மா! நம்மளப் பாத்து வரும்போது இடது வலதாயிடும், நீ குழம்பிடுவே...” மருத்துவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதாவது, அப்படித்தான் இருக்கும்னு தோணுது.”

“குழம்பினா குழம்பறேன். உங்க முதல் பிளேன் உடைஞ்சா ஒட்டிக்கலாம்னுதான் அவர் சொல்லிட்டாரே!”

அம்மையார் ஒரு பிடி புல்லைக் கிள்ளித் தூவி, அது பறந்த திசைக்கு எதிராகத் திரும்பி நின்றார். கிளைடரை நிதானமாக வீசினார்.

அது மோட்டார் முழங்க மேலேறியது. அம்மையார் சட்டென்று முழக்கத்தை நிறுத்திவிட்டு, தொலைவில் வட்டமிட்ட பருந்தின் அருகே அதைச் செலுத்தினார். பருந்தைத் தூக்கிய வெப்பக்காற்று கிளைடரையும் தூக்கிற்று. பின்பு வானத்தில் ஒரு குட்டிக்கரணம் போட வைத்து, நேரே தம்மை நோக்கி அழைத்து வந்து, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டார்.

மருத்துவரின் நாக்கு மரத்துப்போயிற்று. ஊசி போட்டவர் எவருமில்லை. கடைக்காரர் பருந்தை விட்டுக் கண்ணை எடுப்பதாயில்லை.

“இதையே கட்டிடுங்க தம்பி,” என்று கிளைடரைக் கடைக்காரரிடம் நீட்டிய அம்மையார், கணவர் பக்கம் திரும்பினார்.

“பரண்ல இருக்கற ஆறும் இடது பக்கமே இழுக்குதுங்க, இதாவது நேராப் போகுது.”