முதல் அர்த்தம்

அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. வீடுகளில் பதிவாகும் பேச்சில் பத்து வருடமாக யாரும் பயன்படுத்தாத அர்த்தத்தை நீக்கிவிட வேண்டும். இன்று 'இன்டெலிஜென்ட்' என்ற சொல்லின் முறை. 'தானே முடிவெடுக்கும் கருவி' என்ற இரண்டாம் அர்த்தத்துக்குக் கோடிக்கணக்கில் உதாரணங்கள் இருந்தன. 'கூர்மையான அறிவுள்ள மனிதர்' என்ற முதல் அர்த்தத்துக்கு ஒன்றுகூட இல்லை.

"தூக்கிடலாமா மேடம்?" என்றார் பக்கத்து இருக்கை ஸ்டீபன்.

செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது. "என்ன சார் அநியாயமா இருக்கு! எம்பொண்ண நான் தினம் இன்டெலிஜென்ட்னு சொல்லுவேனே. ஊழியர்கள் வீட்டை நாம சேர்க்கிறதில்ல, அதான் வரல. எங்க வீட்டையும் சேர்த்துத் தேடுங்க."

தேடினார். முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் அந்தச் சொல் இருந்தது. ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். எல்லாம் செண்பகவல்லியின் குரல்.

குக்கரைப் பார்த்து: "சாதம் குழையாம இறக்கிருச்சே, என்ன இன்டெலிஜென்ட்!"

மகளின் பாடக் கருவியைப் பார்த்து: "நாலு செகண்ட்ல கணக்கைப் போட்டுருச்சு. எவ்ளோ இன்டெலிஜென்ட்! நீயும் இருக்கியேடி."

செண்பகவல்லி பட்டியலை வேகமாகக் கீழே தள்ளினாள். மகளைச் சொன்னது ஒன்றுகூட இல்லை.

கடைசிப் பதிவு மட்டும் வேறு குரல். ஒன்பது வயது மகள் மகிழினி பாடக் கருவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னா அம்மா நம்புவாங்க. நான் இன்டெலிஜென்ட்னு அவங்ககிட்ட ஒரே ஒரு தடவை சொல்றியா?"

ஸ்டீபன் உற்சாகமாக மேசையைத் தட்டினார்.

"ஒண்ணு கிடைச்சாப் போதும் மேடம். அர்த்தம் பொழச்சிருச்சு!"