மூன்று முறை கழுவிய பிறகும்

மறதி நோய்க்கான ஆய்வுக்கூடத்தில், புரதங்களை உடைத்து எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதாவதாக ஒரு ரத்தக்குப்பி வந்தது.

"நான் கோமளவல்லியோட ரத்தம். பெத்த பொண்ணையே யாருன்னு கேக்குறாங்க" என்றது குப்பி.

"பேரெல்லாம் வேண்டாம். நம்பர் போதும்" என்றது இயந்திரம் அலுப்போடு.

எடை பார்த்தது. அந்த நோய்க்காரர்களிடம் கூடும் புரதம், இதிலும் கூடியிருந்தது. அப்படியே எழுதி வைத்தது.

அடுத்து வெறும் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு குப்பிக்குப் பிறகும் அது உள்ளே போய் இயந்திரத்தைக் கழுவும். முந்தைய ரத்தம் துளி ஒட்டியிருந்தாலும், அடுத்தவர் கணக்கில் அது சேர்ந்துவிடும்.

கழுவியும் திரையில் அந்தப் புரதத்தின் மேடு சின்னதாகத் தெரிந்தது. இரண்டாம் முறையும் தெரிந்தது. மூன்றாம் முறையும்.

"இன்னும் போகலையே" என்றது தண்ணீர்.

"ஒரு துளி ரத்தம், அஞ்சு நிமிஷப் பழக்கம். என்னாலயே விட முடியல" என்றது இயந்திரம். "அந்தம்மா பெத்த பொண்ணை எப்படித்தான் விட்டாங்களோ."

"அந்த நோய் அவங்களை எத்தனை தடவை கழுவுச்சோ" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் நான்காம் முறையாக உள்ளே இறங்கியது.