மிஸ் கேட்ட ஃபீலிங்

சிவானியின் கண்ணீர் பியானோக் கட்டைகளில் சொட்டியது. பக்கத்துக் கதிரையில் இருந்த தாய் கனகேஸ்வரிக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்பிடித்தான் பிள்ளை! நல்லா அழு. அழுதழுது வாசி."

பெற்ற மகளின் கண்ணீரைப் பார்த்து மகிழ்கிற தாயும் உண்டா என்று கேட்பவர்கள், வெள்ளவத்தையில் பியானோவில் கடைசிக் கிரேடான எட்டாம் கிரேட் சோதனைக்குப் பிள்ளையைத் தயார்படுத்தியவர்களாக இருக்கமாட்டார்கள்.

லண்டனிலிருந்து வெள்ளைக்காரர் வந்து கேட்கும் சோதனை அது. அதே லண்டனில் ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளையும் இருந்தார். 'பெட்டை பியானோவில் எட்டாம் கிரேட்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவருடைய தாய் அனுஷியா சிவானியின் சாதகத்தையே கையில் வாங்கியிருந்தார்.

சோதனைக்கு எடுத்த மெட்டு ஒரு நொக்டேர்ன், இரவின் ஏக்கத்தைச் சொல்வது. முதலில் சிவானி அதைப் பிழையில்லாமல்தான் வாசித்தாள், ஆனால் கந்தோரில் டைப் அடிப்பது மாதிரி. வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்த பியானோ ரீச்சர் ரஜனி மிஸ் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நோட்ஸ் எல்லாம் சரி, ஃபீலிங்தான் இல்லை. நீர் பிரியப்போற ஒராளை நினையும். இனிக் கிட்ட இருக்கக் கிடைக்காது எண்டு நினைச்சு வாசியும்."

அன்றைக்குக் கூட வந்திருந்த கனகேஸ்வரிக்கு அந்த ஆள் யாரென்று உடனே விளங்கிவிட்டது. சிவானி விரும்பின, கொட்டாஞ்சேனையில் கம்ப்யூட்டர் திருத்துகிற ஜீவராஜ். பெடியன் தங்கமானவன்தான். ஆனால் தாய் தகப்பன் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சனம் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, இருபத்துநாலு வயது மகளின் ஃபோனையும் அடையாள அட்டையையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். பியானோ வகுப்புக்கு மட்டும் தடையில்லை.

அதற்குப் பிறகு சிவானியின் விரல்களில் உயிர் வந்துவிட்டது. கீழ் ஃபிளாட் மயிலம்மாகூட சீரியலின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கனகேஸ்வரி பூரித்துப்போனாள். பெடியனும் தொலைந்தான், ஃபீலிங்கும் வந்தது.

"நான் வாசிக்கேக்க நீங்கள் பக்கத்திலை இருங்கோ அம்மா. அப்பதான் வருது."

"அடுப்பிலை கறி கிடக்கு பிள்ளை."

"கறி கிடக்கட்டும். இருங்கோவன்."

ஆறுதலுக்குத் தாய்மடி தேடுகிறாள் பாவம் என்று கனகேஸ்வரி பக்கத்தில் வந்து இருந்தாள். கறி இரண்டு தடவை அடிப்பிடித்தது.

சோதனையன்று காலை, "ஐ.டி. கேப்பினமாம் அம்மா," என்றாள் சிவானி. கனகேஸ்வரி தன் கையாலேயே அலுமாரியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கொள்ளுப்பிட்டி மண்டபத்துக்குள் போகுமுன் மகள் காலில் விழுந்து கும்பிட்டபோது தாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மூடிய கதவுக்குள்ளிருந்து நொக்டேர்ன் வந்தது. வாசலில் நின்ற கனகேஸ்வரிக்கே கண் கலங்கியது. இப்படி ஒரு வாசிப்பை அவள் வீட்டில்கூடக் கேட்டதில்லை.

உடனே லண்டனுக்கு வட்ஸ்அப்பில் அழைத்தாள். "பிள்ளை உருகி உருகி வாசிச்சவள், அனுஷியா அக்கா! கல்லும் கரையும்!" வீடு, சீதனம், தாலிக்குப் பொன்னுருக்குகிற நாள் என்று கதை நீண்டு, மூன்று பிள்ளைகள் உள்ளே போன பிறகுதான் சிவானி இன்னும் வெளியே வரவில்லையே என்ற யோசனை வந்தது.

வாசலில் பெயர் கூப்பிடும் பெண் சொன்னாள். "முடிச்ச ஆக்கள் கடற்கரைப் பக்கத்து வாசலாலை போறவை, அன்ரி. உங்கட மகள் எப்பவோ போயிட்டா."

கனகேஸ்வரியின் ஃபோன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"அம்மா, சோதனை நல்லாச் செய்தனான்," என்றது சிவானியின் குரல். "இப்ப ரெஜிஸ்ட்ராரிட்டை வந்து கையெழுத்தும் வைச்சிட்டம். நானும் ஜீவராஜும்."

கனகேஸ்வரி அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"அடி பாவி! இவனோடை போறதுக்கே நிண்டனீ? அப்ப ஏனடி இவ்வளவு நாளும் இவனை நினைச்சு அப்பிடி அழுதனீ?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மிஸ் பிரியப்போற ஆளைத்தானே நினைக்கச் சொன்னவ... நான் உங்களைத்தான் நினைச்சனான், அம்மா."