ஆதிலாவின் கால்

“ஆதிலா எங்கையக்கா?”

வேலிப் படலையைத் திறந்த கையோடு டொக்டர் கஜந்தி கேட்டாள். ஆதிலாவின் உம்மா நஜ்முன் நிஸா நிமிரவில்லை. முற்றத்தில் பரப்பியிருந்த கருவாட்டைப் புரட்டுவதிலேயே கண்ணாக இருந்தாள். அது இரண்டு பக்கமும் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“வாங்க டொக்டர். கதிரையில இரிங்க. தேத்தண்ணி ஊத்துறன்.”

“தேத்தண்ணி பிறகு குடிக்கலாம். பிள்ளை எங்க?”

“மூதூருக்குப் போயிட்டா. அவட சாச்சி வீட்ட.”

கஜந்தி நம்பவில்லை. பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் என்ன சாச்சி வீடு?

போன வருஷம் ஆதிலாவுக்கு ஏழு வயது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்பு மூட்டுக்குள் சீழ். விழுந்ததில் சுளுக்கிவிட்டதென்று எண்ணெய் பூசிப் பூசியே நாளைக் கடத்தியிருந்தார்கள். ஒபரேசன் செய்து சீழை எடுத்த பிறகு, நிஸாவோடு பேசியது கஜந்திதான். எலும்பிலோ மூட்டிலோ கிருமி பிடித்த பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏற்றுவதுதான் வழக்கம். சில நாள் ஊசியும் அதன் பிறகு விழுங்கக் குளிசையும் கொடுத்தால் போதாதா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதைக் கொம்பியூட்டர்தான் தீர்மானிக்கும். இதையெல்லாம் விளக்கினாள்.

“நீங்க சொன்னாச் சரி டொக்டர்” என்று நிஸா கையெழுத்து வைத்தாள். ஆதிலாவுக்குக் குளிசைப் பக்கம் விழுந்தது.

அந்த “நீங்க சொன்னாச் சரி” இப்போது மீன்முள்ளாய்த் தொண்டையில் நின்றது. கடைசியாக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பிள்ளை லேசாக நொண்டினாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை கிளினிக்குக்கு வரவில்லை. போன் அடித்தாலும் எடுக்கிறார்களில்லை. கிருமி திரும்பியிருந்தால் எலும்பு உக்கிப்போகும். ஆயுசு முழுக்கக் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கவேண்டி வரும். அந்த நினைப்பில் கஜந்திக்கு இரவு நித்திரையே இல்லை. விடிந்ததும் ஓட்டோ பிடித்து நிலாவெளிக்கு வந்துவிட்டாள்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு பஸ்மியா எட்டிப் பார்த்தாள்.

“ஆதிலாவையா தேடுறீங்க? அவ வாப்பாவோட கிண்ணியாவுக்குத்தானே போயிருக்கா!”

நிஸா கண்ணால் சாடை காட்டினாள். அது பஸ்மியாவைத் தவிர எல்லோருக்கும் விளங்கியது.

“நீங்கள் மூதூர் எண்டுறீங்கள், இவ கிண்ணியா எண்டுறா. என்னக்கா இது?”

“மூதூருக்குப் போய்... அங்கிருந்து கிண்ணியாவுக்கு...”

“பொய் சொல்லாதேங்கோ!” கஜந்தியின் குரல் உயர்ந்தது. “கால் வீங்கினதா? காய்ச்சல் வந்ததா? திரும்பவும் எண்ணெய் பூசினனீங்களா?”

“அல்லாவே, அப்பிடியெல்லாம் இல்ல டொக்டர்.”

“அப்ப ஏன் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டேல்லை? உள்ளுக்குப் படுத்திருக்கிறாளா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். மற்ற நாளென்றால் செய்யமாட்டாள். அறையில் பாய் சுருட்டிக் கிடந்தது. புத்தகப் பை ஆணியில் தொங்கியது. அலுமாரிக் கதவை ஒட்டி ஆதிலாவின் செருப்புகள் சோடியாக இருந்தன. ஊருக்குப் போன பிள்ளை செருப்பில்லாமலா போவாள்?

திரும்பி வந்து நிஸாவின் முன்னால் குந்தினாள்.

“அக்கா, என்னை நம்பித்தானே கையெழுத்து வைச்சனீங்கள். பிழைச்சுப் போச்செண்டா நான்தான் பொறுப்பு. உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். எங்க எண்டு மட்டும் சொல்லுங்கோ.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிஸா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“எப்பிடிச் சொல்றது டொக்டர்... என்ட வாயால சொல்ல ஏலாம இரிக்கி.”

“என்ன எண்டாலும் நான் தாங்குவன். சொல்லுங்கோ!”

“எங்களுக்காக இவ்வளவு பாடுபட்ட மனிசிக்கு நாங்க குடுக்கிற மரியாதையா இது எண்டு வெக்கமா இரிக்கி டொக்டர். உங்கட ஓட்டோவைச் சந்தியில கண்டதுதான் தாமதம், ‘ரத்தம் எடுக்கிற டொக்டர் வாறா’ எண்டு கத்திக்கிட்டு ஆதிலா செருப்பும் போடாமக் கடற்கரையால பாஞ்சிட்டா. கிளினிக் நாளையிலயும் இதே கூத்துத்தான். அவட வாப்பாவும் கரைவலைக்காரர் நாலு பேரும் துரத்திக்கிட்டுப் போறாங்க, இன்னும் பிடிக்க ஏலல்ல!”