பள்ளிக்கூட நடுக்கம்

“பள்ளிக்கூடம்னு பேச்செடுத்தாலே புள்ளைக்கு நடுக்கம் வந்துருதுங்க டாக்டர். நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்” என்றாள் மயிலாத்தாள்.

மகள் நவ்யா பக்கத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்குள் தனி வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஓர் ஆள் கிடையாது. அங்கிருந்து பஸ் மாறி, கோயமுத்தூரில் மனநல மருத்துவர் கிளமென்ட்டிடம் வந்து சேர்வதற்குள் மயிலாத்தாள் சானிடைசர் பாட்டிலைக் கிட்டத்தட்டக் காலி செய்திருந்தாள்.

கொரோனாவில் மூடிய பள்ளிக்கூடம் திறந்து எவ்வளவோ நாளாயிற்று. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள். நவ்யா காலையில் யூனிஃபார்ம் போடுவாள், ஜடை பின்னுவாள். அம்மா சோறு கட்டி எடுத்து வருவதற்குள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். இந்த வாரமும் வராவிட்டால் பரீட்சைக்கே உட்கார முடியாது என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

என்னதான் செய்கிறது என்று டாக்டர் நவ்யாவிடம் கேட்டார்.

“நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க. ராத்திரி தூக்கமே இல்லீங்க. வாசக் கேட்டு தொறக்கற சத்தம் வந்தாப் போதும், அப்பாவைக் கூட்டிட்டுப் போன ஆம்புலன்சு மறுக்கா வந்துருச்சோன்னு ஒடம்பே ஆடிப்போகுதுங்க.”

மயிலாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆம்புலன்சில் ஏறிப் போன மனிதர்தான். முகத்தைக்கூடக் காட்டாமல் அடக்கம் செய்துவிட்டார்கள். இத்தனையையும் உள்ளுக்குள் வைத்துக்கொண்டா இருந்தாய் கண்ணு என்று மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“பள்ளிக்கூடம் போக ஆசையே இல்லையாம்மா?” என்றார் டாக்டர்.

நவ்யா தலையாட்டி மறுத்தாள்.

“பஸ்ஸு வர்ற நேரத்துக்கு மொட்டை மாடிக்கு ஏறிருவேனுங்க. அக்ஷயா ஜன்னலோரம் உக்காந்து கை காட்டுவா. அவ பக்கத்துல எனக்கு எடம் போட்டு வெச்சிருக்கறாளாம். மத்தியானம் எல்லாரும் வட்டமா உக்காந்து டப்பாவத் தொறப்போம்ங்க, ஆளுக்கொரு வாய் எடுத்துக்குவோம். அந்த நெனப்பாவே இருக்குதுங்க.”

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். ஆசை இல்லாத பிள்ளையா இது? கொள்ளை ஆசை. அதை வைத்துக்கொண்டு ஏன் வீட்டில் கிடக்கிறாள் என்பதுதான் டாக்டருக்குப் பிடிபடவில்லை.

மயிலாத்தாளைக் கொஞ்ச நேரம் வெளியில் இருக்கச் சொன்னார். நானில்லாமல் புள்ளை பயந்துக்குமே என்று தயங்கினாள். ஒருவழியாக எழுந்து போனவள், சாத்திய கதவை உடனே திறந்து தலையை நீட்டினாள். “கண்ணு, இருக்கறியா?” இருக்கேன் என்று மகள் சொன்ன பிறகுதான் கதவு மறுபடி மூடியது.

நவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர். படபடப்பு, தூக்கமில்லாதது, ஆம்புலன்சு பயம், நான் சொன்னது அத்தனையும் அம்மாவுக்கு வர்றதுங்க. அப்படியே தனியா விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போக முடியலீங்க. தனக்கு முடியலைன்னா அம்மா எந்த டாக்டர்கிட்டயும் வராது, புள்ளைக்குன்னாத்தான் வரும். அதனாலதான் எனக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேனுங்க.”