மாடனுக்கு நேர்ந்த சேவல்

மொட்டைத் தலையும் கையில் சேவலுமாக வேல்சாமி வந்து நின்றதும் ஹரிஷங்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைக்கூட விட்டுவைக்காத மொட்டை.

"என்ன அண்ணாச்சி, சேவலுக்குக் கழுத்து மொட்டை, உமக்குத் தலை மொட்டை. நல்ல ஜோடிதான் கேட்டோ! திருச்செந்தூரா?"

வேல்சாமி குனிந்து, கால் கட்டிய சேவலை மேசை ஓரமாகத் தரையில் வைத்தார். கழுத்தில் ஒரு தூவல்கூட இல்லாத, திருவனந்தபுரத்துப் பழைய ஜாதி.

"பிரசாதமாவது கொண்டு வந்தீரா?"

"இல்ல சார்."

ஹரிஷங்கருக்கு அரசாங்கக் கோழிப் பண்ணையில் வேலை. அந்த வருஷம் காலனிகளுக்குச் சும்மா கொடுத்த வெள்ளைக் கோழிகள் மார்ச் வெயிலிலேயே செத்து விழுந்தன. சும்மா வருவது அப்படித்தான் போகும். பண்ணையில் மொட்டைக் கழுத்துப் பெட்டைகள் நான்கு மட்டும் அசையாமல் நின்றன. சேவல் இல்லை. சேவல் கிடைக்காவிட்டால் அந்த ஜாதி நான்கோடு முடிந்தது.

தம்பானூருக்குப் பின்னால் வேல்சாமி வீட்டில் ஒன்று இருந்தது. பதினைந்து நாளில் மூன்று முறை போய்க் கேட்டான். மூன்று முறையும் ஒரே பதில்தான்.

"இது சுடலைமாடனுக்கு நேர்ந்தது சார். நான் கேட்டத அவரு குடுத்தா, அவருக்குத்தான் இது. ஒங்க கவர்மெண்டுக்கு இல்ல."

இன்று அவரே கொண்டு வந்திருக்கிறார். ஹரிஷங்கர் ஆளை மேலும் கீழும் பார்த்தான்.

"காரியம் ஆனதும் சாமியையே ஏமாத்திட்டீரா? மாடனுக்கு பிராய்லர், எனக்கு இதுவா?"

"யாரையும் ஏமாத்தல."

"சரி, விலை சொல்லும்."

"வேண்டாம்."

பண்ணையில் கூட்டிப் பெருக்கும் சுசீலாபாய் கட்டை அவிழ்த்து, சேவலைப் பெட்டைகளோடு விட்டாள். "அண்ணாச்சி துட்டு வேண்டாம்னு சொல்லுகாரு! இன்னைக்கு மழ உண்டு சாரே," என்றாள்.

மழைக்கு அறிகுறி ஏதும் இல்லை. உச்சி வெயில். சேவல் மணலைக் கிளறி, ஒருமுறை சிறகடித்து, கூவியது.

"பாத்தீரா!" ஹரிஷங்கர் துள்ளினான். "ரோட்ல தார் உருகறது, இவன் கூவறான். வெறுங்கழுத்து வழியா உடம்புச் சூடெல்லாம் இறங்கிடும். இந்த ஊர் வெயிலுக்குன்னே பிறந்தவன்."

வேல்சாமி சேவலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அது கிடக்கட்டும். மாடன்ட்ட அப்படி என்னதான் கேட்டீர்?"

"கான்கிரீட் போட்ட எடத்துல வெயில் அடிச்சு விழுந்த எம் மவன் உசுரக் கேட்டேன் சார். குடுக்கல."