வைரவன் மூலம்

டாக்டர் இறந்து நான்கு மாதம் கழித்து, அவர் நாற்பது வருடமாகச் செடிகளைக் காயவைத்து ஒட்டிய தாள்களைக் கல்லூரியில் பார்வைக்கு வைத்தார்கள். மறுநாளே மாட்டுத் தரகர் வைரவன் ஒரு தாளைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் மனைவி சிவகாமியிடம் வந்துவிட்டார்.

"என்னம்மா இது? செடிக்குக் கீழ 'வைரவன் மூலம்'னு எழுதியிருக்கு! போறவன் வர்றவனெல்லாம் எம் பின்னாடியே பாக்குறான். அடிங்க அத!"

"நீங்க கொண்டாந்து குடுத்த செடிண்ணே. உங்க மூலமா கெடச்சதுன்னு அர்த்தம்."

"அர்த்தம் ஊருக்குத் தெரியுமா?" பேனாவை நீட்டினார்.

கணவரின் அந்தக் கோணல் எழுத்தில் ஒரு புள்ளியை அடிக்கக்கூடச் சிவகாமிக்கு மனம் வரவில்லை. இனி அவர் எழுதப்போவதில்லை. உள்ளே போய், கல்லூரிக்குக் கொடுக்காமல் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே தாளை எடுத்துவந்தாள். கொல்லையில் அவள் பறித்துக் கொடுத்த குப்பைமேனி. கீழே, 'சிவகாமி மூலம்'.

"பாருங்க, எனக்கும் போட்டிருக்காரு. நான் அடிச்சேனா?"

வைரவன் எழுத்துக்கூட்டிப் படித்தார். கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார்.

"உங்களுக்குமாம்மா?" என்றார் தணிந்த குரலில். "அந்த எலை கேட்டுச்சா?"